கிளென்டோரன் பிரபு கையெழுத்துப் போடாத கதை

கவர்னர் மாளிகை,
போர்ட் கிரீவ், டல்மோர் தீவு.
மார்ச் மாதம், ஆடுகளுக்கு மயிர் கத்தரித்து முடிந்த வாரம்.

கிளென்டோரன் கோட்டைக்குத் தூணும் எங்கள் குடும்பத்துக்குத் தலையுமாகிய மூத்த நாத்தனார் லேடி கிரிசல் அவர்களுக்கு, தம்பி மனைவி எஃபி பணிவோடு எழுதிக்கொண்டது. கடவுள் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சௌக்கியம். தங்கள் முழங்கால் வலி பனியோடு கரைந்து போயிருக்கும் என்றும், தாங்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்த பாதிரியார் இன்னும் ஊரில்தான் இருக்கிறார் என்றும் நம்புகிறேன்.

அக்கா, தங்கள் தந்தி கிடைத்தது. "ஹெக்டர் என்ன செய்தான், உண்மையை எழுது" என்று மட்டும் இருந்தது. சொல்லுக்குச் சொல் காசு வாங்குகிற தந்தியில்கூடத் தங்கள் குரல் அப்படியே கேட்டது. தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். இந்தியாவுக்கு வைஸ்ராயாக அனுப்பாமல் கண் மூடமாட்டேன் என்று சபதம் எடுத்தவர் நீங்கள். தம்பியை வேலையிலிருந்து திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று பேப்பரில் படித்தால் உங்களுக்கு வயிறு எரியாதா. அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆனால் உண்மை என்று ஆரம்பித்தால் பாதியிலிருந்து ஆரம்பிக்க முடியாது. தாங்கள் இதுவரை பேப்பரிலிருந்து கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற செய்திகளிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

லண்டனில் பிரபுக்கள் சபையில் தங்கள் தம்பி எழுந்து நின்று அரசாங்கத்தின் யுத்தச் செலவை ஒரே வாக்கியத்தில் கண்டித்தார் என்று படித்தீர்கள் அல்லவா. அன்றைக்கு நான் மேலே மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். மந்திரி மத்தியானத்திலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். மந்திரிக்குப் பின்னால் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. உங்கள் தம்பிக்குத்தான் காற்றுப் பட்டால் கழுத்துப் பிடித்துக்கொள்ளுமே. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, அந்தப் பக்கமாகக் கையை நீட்டி, "கனவான்களே, இதை இத்தோடு மூடிவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஜன்னலைத்தான் சொன்னார். எதிர்க்கட்சி வரிசை முழுவதும் எழுந்து கை தட்டியது. மந்திரி பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார். மறுநாள் பேப்பரில் 'கிளென்டோரனின் துணிவு' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். நான் வீட்டில் கேட்டேன், "ஏங்க, ஜன்னலைத்தான் சொன்னேன்னு சொல்லிடலாமே?" உங்கள் தம்பி யோசித்துவிட்டு, "சொல்லலாம் எஃபி, ஆனா அத்தனை பேர் சந்தோஷமா இருக்காங்களே" என்றார். இந்த மனுஷனை லண்டனில் வைத்திருந்தால் ஆபத்து என்று அரசாங்கம் முடிவு கட்டிற்று. ஆபத்தானவர்களுக்கு அங்கே கொடுக்கிற தண்டனை கவர்னர் உத்தியோகம். இப்படித்தான் அக்கா, உங்கள் தம்பியின் உத்தியோக வாழ்க்கை தொடங்கியது.

முதலில் அனுப்பிய கரும்புத் தீவில், கைதிகளின் துயரத்தை அறிய அவர்களோடு சிறையில் தங்கினார் என்று வந்த செய்தியும் சட்டத்துக்குள் இருக்கும். சிறையைப் பார்வையிடப் போனவர், உள்ளே ஒரு கைதி மரத்தில் செதுக்கியிருந்த குதிரையைப் பார்த்து அசந்துபோய் அங்கேயே நின்றுவிட்டார். கவர்னர் முன்னாலேயே வெளியே போய்விட்டார் என்று நினைத்து வார்டர் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார். போனவர் தூங்கியும் விட்டார். கைதிகளுக்குக் கொடுத்த சூப்பைத்தான் உங்கள் தம்பியும் குடித்தார். சாயங்காலம் வெளியே வந்ததும், "எஃபி, அந்த சூப்ல ஒண்ணுமே இல்லை, வெந்நீர்ல யாரோ கையைக் கழுவின மாதிரி இருந்தது" என்றார். மறுநாள் முதல் காரியமாகச் சிறை சமையலை மாற்றச் சொல்லி உத்தரவு போட்டார். அது மட்டும் நிஜம். அந்த ஒன்றுக்காகவாவது சட்டத்தைக் கழற்றாதீர்கள்.

இனி டல்மோர் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் கப்பலிலிருந்து இறங்கினபோது வாத்தியம் வாசித்தார்கள், பீரங்கி வெடித்தார்கள், பூங்கொத்து கொடுத்தார்கள். இந்தத் தீவின் முதல் மந்திரி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பெயர் மக்ரெயித். உயரமான மனுஷர், புருவம் இரண்டும் சண்டைக்கு நிற்கிற கிடாய்கள் மாதிரி இருக்கும். மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரு ஆட்டுமந்தையோடு ஆரம்பித்துத் தீவில் பாதியைத் தன் பேச்சுக்கு ஆட வைத்திருப்பவர். முதல் விருந்தில் சூப் வந்ததும், எல்லோர் காதிலும் விழும்படி உங்கள் தம்பியைப் பார்த்துச் சொன்னார்:

"பிரபுவே, நான் உங்க டோரன் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவன். உங்க தாத்தா ஆடு மேய்க்கிறதுக்காக எங்க தாத்தாவை வீட்டை விட்டு விரட்டினார். கூரைக்கு நெருப்பு வெச்சார்."

 என் கையில் இருந்த ரொட்டி கையிலேயே இருந்தது. உங்கள் தம்பி கேட்டார், "எந்த வீடு?"

"என்ன?"

"எந்த வீடுன்னு கேட்டேன். ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம். வளைவுல. வாசல்ல ரோவன் மரம் நின்னுதாம்."

"மரம் இன்னும் இருக்கு. சுவர்தான் இடுப்பளவுக்கு நிக்குது. சின்ன வயசுல மழைக்கு அங்க ஒதுங்குவேன்."

மக்ரெயித் கரண்டியை எடுத்தார். சூப்பைக் குடிக்க ஆரம்பித்தார். அன்றிலிருந்து விரோதமும் இல்லை, சிநேகமும் இல்லை. வாரம் ஒருமுறை வந்து காகிதங்களை வைப்பார். உங்கள் தம்பி படிக்காமல் கையெழுத்துப் போடுவார். கவர்னருக்கு அதுதானே வேலை. ஒருநாள் காகிதங்களுக்கு நடுவில் நான் சமையல்காரருக்கு எழுதி வைத்த சீட்டும் போயிருக்கிறது. அதிலும் அரசாங்க முத்திரை விழுந்து திரும்பி வந்தது. அந்த வாரம் முழுவதும் சட்டப்படி ஆட்டு ஈரல்தான் சாப்பிட்டோம்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வடக்கு விரிகுடா மசோதா வந்தது. அந்த விரிகுடாவில் தீவின் பூர்வகுடிகள் இருக்கிறார்கள். மீன் பிடிப்பதும் கிழங்கு பயிரிடுவதும் அவர்கள் பிழைப்பு. அவர்களை மலைமேல் குடியேற்றிவிட்டு, விரிகுடாவை ஆடுகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது மசோதா. இரண்டு சபையும் ஒப்புக்கொண்டாயிற்று. திங்கட்கிழமை உங்கள் தம்பி இறகுத்தொப்பி போட்டுக்கொண்டு சபைக்குப் போய், "சம்மதம்" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்கு முந்திய வியாழக்கிழமை ஒரு அம்மாள் வந்தாள். நான் பின்கட்டில் முழங்கை வரை மாவோடு ஓட் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். சமையல்காரர் ஈரல் வாரத்துக்குப் பிறகு கோபித்துக்கொண்டு போனவர் இன்னும் திரும்பவில்லை. வந்தவள் பெயர் தமரேய். வடக்கு விரிகுடா மக்களுக்கு அவள்தான் தலைவி. நம் பாஷையை அவள் திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்களிடம் கற்றாளாம். அதனால் ரொம்ப மரியாதையாகப் பேசும்போதும் நடுநடுவே நாம் காதைப் பொத்திக்கொள்ளும்படி ஒரு வார்த்தை விழும். அவற்றைத் தங்களுக்கு எழுதவில்லை. கூடை மீனை இறக்கிவைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "சமையக்காரம்மா, உங்க எஜமானரைப் பார்க்கணும்" என்றாள். நான் மறுக்கவில்லை. அந்த வாரம் அது உண்மைதானே. அந்த நேரம் உங்கள் தம்பி ஒரு காலில் செருப்போடு, மற்றச் செருப்பைக் கவ்விக்கொண்டு போன நாயைத் தேடிக்கொண்டு வந்தார்.

"நீங்கதான் இங்க பெரியவரா?" என்று தமரேய் கேட்டாள்.

"அப்படித்தான் சொல்றாங்க."

"எங்களை மலைக்குப் போகச் சொல்றாங்க. மலையில மீன் இருக்கா?"

"மலையில எப்படிம்மா மீன் இருக்கும்?"

"அதைத்தான் நான் உங்க மந்திரிகிட்டயும் கேட்டேன். அந்த ஆளு வரைபடத்தைக் காட்டறான். வரைபடத்தை வறுத்துத் திங்க முடியுமா?"

உங்கள் தம்பி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "வந்து பாருங்க. பார்த்துட்டு அப்புறம் எதுல வேணும்னாலும் கையெழுத்துப் போடுங்க" என்றாள்.

ஒரு கவர்னர் அப்படியெல்லாம் கிளம்பிப் போகக்கூடாது. முன்கூட்டி அறிவித்து, காவலோடு, வண்டியில் போக வேண்டும். எங்கள் மெய்க்காவல் அதிகாரி காப்டன் பிரிங்கிள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் தம்பி அவளுடைய தோணியில் ஏறிவிட்டார். ஏறினவர், கப்பலில் நிற்பதுபோல எழுந்து நின்று எனக்குக் கையசைத்தார். தோணி கவிழ்ந்தது. கரையில் நின்ற எல்லோரும் பார்க்கும்படி கவர்னர் கில்ட் பாவாடையோடு தண்ணீருக்குள் தலைகீழாகப் போனார். அக்கா, கிளென்டோரன் குடும்பத்தின் மானம் அன்றைக்குக் கொஞ்சம் வெளியே தெரிந்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தமரேய் அவரைக் காலரைப் பிடித்துத் தூக்கித் தோணியில் போட்டு, "உட்காரு" என்றாள். உட்கார்ந்தார். தாங்கள் சொன்னதற்கப்புறம் ஒரு பெண் சொல்லி அவர் அப்படி உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தார். கஞ்சியைத் தொடவில்லை. அங்கே வீடுகளுக்கு நடுவே நில அளவுக்காரர்கள் ஏற்கெனவே கழி அடித்துவிட்டார்களாம். ஒரு கழி அடுப்பங்கரைக்குள்ளேயே நிற்கிறதாம். அந்த வீட்டுக்காரி அதில் துணி காயப்போட்டிருந்தாளாம். "எஃபி," என்றார், "எங்க தாத்தா கையெழுத்துப் போட்டாரே, அந்தக் காகிதம் எப்படி இருந்திருக்கும்?"

"காகிதம் மாதிரிதான் இருந்திருக்கும்," என்றேன்.

"ஆமா," என்றார். 

திங்கட்கிழமை சபை நிரம்பி வழிந்தது. பெண்கள் எல்லாம் புதுத் தொப்பி போட்டு வந்திருந்தார்கள். மசோதாவை வாசித்தார்கள். காப்டன் பிரிங்கிள் பேனாவை மையில் தோய்த்து நீட்டினார். உங்கள் தம்பி எழுந்து நின்றார். நான் பதற்றத்தில் ஜன்னல் ஏதாவது திறந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். எல்லாம் சாத்தியிருந்தது. "முடியாது" என்றார். சபாநாயகர் காது கேளாதவர். "பிரபு சம்மதம் தந்தார்" என்று அறிவித்துவிட்டார். உங்கள் தம்பி அவர் காதருகே குனிந்து, ஊருக்கே கேட்கும்படி, "முடியாதுன்னு சொன்னேன் ஐயா" என்றார்.

அப்புறம் எழுந்த கூச்சலை எழுதக் காகிதம் போதாது. வீட்டுக்கு வந்து நான் அவருடைய தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் மக்ரெயித் வந்துவிட்டார். நான் டீ கொடுத்தேன். அவர் தொடவில்லை.

"பிரபுவே, கையெழுத்துப் போடறது உங்க வேலை. யோசிக்கிறது எங்க வேலை."

"யோசிச்சீங்களா?"

"என்னை அவமானப்படுத்தறீங்களா?"

"இல்லை. தெரிஞ்சுக்கக் கேக்கறேன். அவங்களை ஏத்திட்டுப் போக வண்டி பேசியாச்சா?"

"பேசியாச்சு."

"கூரையை என்ன பண்ணப்போறீங்க?"

மக்ரெயித் அவரையே பார்த்தார்.

"கூரையைக் கொளுத்தணும்," என்றார் உங்கள் தம்பி. அவர் குரலில் குத்தல் இல்லை அக்கா, அவருக்குக் குத்தலாகப் பேசவே வராது என்பது தங்களுக்குத் தெரியும். "இல்லேன்னா ராத்திரியோட ராத்திரியா திரும்பி வந்து உட்கார்ந்துக்குவாங்க. அதனாலதான் எங்க தாத்தா கொளுத்தினார். எங்க குடும்பத்துக்கு இதுல அனுபவம் இருக்கு. ஆனா முதல்ல கிழவங்களை வெளில தூக்கிட்டு வந்துடணும். எங்க தாத்தா அதைச் சரியாப் பார்க்கலைன்னு சொல்வாங்க."

மக்ரெயித் நாற்காலியைத் தள்ளினார். எழுந்தார். தொப்பியை எடுக்க மறந்து, வெறுந்தலையோடு வாசல் வரை போனார். மறுநாள் காலை மந்திரிசபை மொத்தமும் ராஜினாமா.

இனிமேல்தான் வேடிக்கை. புதிய மந்திரிசபை அமைக்க வேறு யாரையாவது கூப்பிட வேண்டும் அல்லவா. எதிர்க்கட்சித் தலைவரைக் கூப்பிட்டார். அவர் கால் கட்டை விரல் வீக்கத்தோடு படுத்துக்கொண்டு, "பிரபுவே, எனக்கு எதிர்க்கத்தான் தெரியும், ஆளத் தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டார். அவர் மந்திரியாகிவிட்டால் யாரைத் திட்டி எழுதுவது என்று கேட்டார். விடுதிக்காரர் ஒருவர் மட்டும் தானாக வந்து, "எந்த இலாகா வேணும்னாலும் சரி, கல்லாவில உட்கார்ந்தபடியே பார்த்துக்கறேன்" என்றார். ஊரில் எங்கள் வண்டிமேல் டர்னிப் கிழங்கை எறிந்தார்கள். எறிந்ததெல்லாம் முதல்தரக் கிழங்கு. நான் பொறுக்கிவந்து மசியல் செய்தேன். பிறகு சந்தைத் திடலில் உங்கள் தம்பியைப் போல வைக்கோல் பொம்மை செய்து கொளுத்தினார்கள். எங்கே இவரைக் காணோமே என்று தேடிப்போனால், கூட்டத்தின் நடுவில் நின்று பக்கத்து ஆளிடம், "மூக்கைக் கொஞ்சம் பெரிசாப் பண்ணிட்டாங்க, இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஆள் பொம்மையைப் பார்த்து, இவரைப் பார்த்து, மறுபடி பொம்மையைப் பார்த்து, "இல்லைங்க, சரியாத்தான் இருக்கு" என்றான்.

இத்தனைக்கும் முடிவாக லண்டனிலிருந்து தந்தி வந்தது. உடனே புறப்பட்டு வரவும் என்று. உங்கள் தம்பி வாசித்துவிட்டு, "நல்லதாப் போச்சு, வீட்டுக்குப் போகலாம்" என்றார். ஆனால் தமரேய் வந்து, "அப்ப அடுத்த பெரியவர் வந்து கையெழுத்துப் போடுவாரா?" என்று கேட்டபோது அவர் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் கிளம்பின பிறகும் வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா, இதுதான் உண்மை. தங்கள் தம்பி வைஸ்ராய் ஆகமாட்டார். ஆனால் அவரைப் பார்த்து நான் சிரிக்காத நாள் இல்லை, வெட்கப்பட்ட நாளும் இல்லை. தோணி கவிழ்ந்த நாளைத் தவிர. அடுத்த தபால் கப்பலில் புறப்படுகிறோம். கிழக்கு அறையைத் திறந்து காற்றாட விடுங்கள். மெத்தையைக் கணப்பருகே போட்டுக் காய வையுங்கள். வந்த அன்றே அவரைத் திட்டாதீர்கள், ஒரு வேளை கஞ்சி குடித்த பிறகு திட்டுங்கள்.

கோட்டையில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. பாதிரியாருக்கு, தங்களுக்குச் சம்மதமானால், எங்கள் வணக்கம். தங்கள் கால்வலி ஓடிப்போகவும், தங்கள் கோபம் அதைப் பின்தொடர்ந்து போகவும் ஆண்டவனைப் பிரார்த்திக்கும்,

தங்கள் கீழ்ப்படிந்த
எஃபி கிளென்டோரன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்பி மெத்தையைத் தூக்கியிருந்தால், தயவுசெய்து திரும்ப உள்ளே போட்டுவிடுங்கள். நாங்கள் வரவில்லை. உறை ஒட்டப்போகிற நேரத்தில் மக்ரெயித் வந்தார். விட்டுப்போன தொப்பியை எடுக்க என்றார். தொப்பியை எடுத்துக்கொண்ட பிறகும் கிளம்பவில்லை. கடைசியில், "நேத்து நானே வடக்கு விரிகுடாவுக்குப் போனேன். கழியெல்லாம் பிடுங்கச் சொல்லிட்டேன்" என்றார். வேறு யாரும் கிடைக்காததால் அவரேதான் மறுபடி மந்திரிசபை அமைக்கிறார். அந்த மசோதா இனி கிடையாது. கவர்னரை மாற்றவேண்டாம் என்று தீவு முழுவதும் கேட்டுக்கொள்வதாக லண்டனுக்குத் தந்தியும் கொடுத்துவிட்டார். சரி என்று அங்கிருந்து பதிலும் வந்தாயிற்று. "ஊரே டர்னிப் எறிஞ்சுதே, எப்படி எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க?" என்று கேட்டேன். "அம்மா, இவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டா அடுத்தது யாராவது புத்திசாலியை அனுப்பிடுவாங்கன்னு சொன்னேன். எல்லாரும் பயந்துட்டாங்க" என்றார். பிறகு, இந்த மனுஷனை வளர்த்தது யார் என்று கேட்டார். தங்களைப் பற்றிச் சொன்னேன், சண்டை, சபதம், பாதிரியார் எல்லாம் சேர்த்து ஒன்றுவிடாமல். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டுவிட்டு, "தயவு பண்ணி அவங்களை மட்டும் இங்க வரவழைச்சுடாதீங்க. ஒரே குடும்பத்துல ரெண்டு பேரை இந்தத் தீவு தாங்காது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வெளிக்கதவு வரை போனவர் நின்று, திரும்பாமலே, தங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து இங்கே வருகிற கப்பலில் அறை பிடிக்க எத்தனை நாள் முன்னால் எழுத வேண்டும் என்று கேட்டார்.